முப்பத்தொன்றாம் தேதிக்கு ஒரு அறை

மிக்ஸி வேண்டாம் என்று சந்தியா கத்தியபோது அருள்மொழி பாதிக் கையெழுத்தைப் போட்டுவிட்டிருந்தான்.

"நிறுத்துங்க! பேனாவ கீழ வைங்க!"

"ஏன்? நம்ம மிக்ஸிதான் பொகை விடுதே."

"விட்டா விடட்டும். இவ்ளோ பாயிண்ட்டையும் குடுத்து ஒரு மிக்ஸியா?"

அருள்மொழி உப்பைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களைப் பொருத்தித் தரும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். சொந்த ஊர் மரக்காணம் என்றாலும் அந்த 2005ஆம் வருஷத்தில் பாதியை குஜராத்திலும் மும்பையிலும்தான் கழித்தான். இயந்திரத்தோடு இத்தாலியிலிருந்து வந்தவர்களை எந்த ஓட்டலில் தங்க வைத்தார்களோ, அதே ஓட்டலில் இவனையும் தங்க வைத்தது கம்பெனி. கோரல் கிரௌன் என்று பெயர். வேலையாக வருகிறவர்கள் குளித்துத் தூங்கிவிட்டுக் கிளம்பும் ஓட்டல்தான். ஆனால் தங்கிய ஒவ்வோர் இரவுக்கும் அவன் பெயரில் பாயிண்ட் ஏறிக்கொண்டே வந்தது. போதுமான அளவு ஏறியதும் தங்க நிற அட்டை ஒன்று தபாலில் வந்தது. மனைவி பெயரில் இன்னொன்றும் இலவசமாக வந்தது. வருஷ முடிவுக்குள் பாயிண்ட்டைச் செலவழிக்காவிட்டால் அத்தனையும் காலாவதி ஆகிவிடும் என்று எழுதி, பரிசுப் பொருட்களின் படம் போட்ட புத்தகத்தையும் அனுப்பியிருந்தார்கள். அதில்தான் மிக்ஸியும், அதைக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டிய படிவமும் இருந்தன.

சந்தியா மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். பரிசுப் புத்தகத்தோடு வந்த விதிமுறைகளை அவள் ஒருத்திதான் படித்திருப்பாள்.

"இதே ஓட்டல் கம்பெனிக்கு மகாபலிபுரம் தாண்டி கடலோரமா ஒரு பெரிய ஓட்டல் இருக்குதுங்க. கோரல் பே. நீங்க பஸ்ல போறப்ப பாத்திருப்பீங்க, பெரிய கேட்டு, உள்ள தென்னந்தோப்பு. இந்தப் பாயிண்ட்டுக்கு அங்க ஒரு ராத்திரி தங்கலாம். அந்த ஒரு ராத்திரி வாடகையில இந்த மாதிரி மிக்ஸி அஞ்சு வாங்கலாம்."

"தங்கிட்டு வந்தா அஞ்சு மிக்ஸியையும் குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்."

"அப்ப தூங்கி எழுந்து வெறுங்கையோட வரணும்."

"நமக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருஷம் ஆவுது. நாம சேந்து எந்த ஊருக்குப் போயிருக்கோம், சொல்லுங்க?"

அருள்மொழி பேனாவை மூடினான்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விட்டதும் சந்தியா புதுச்சேரி பஸ்ஸில் ஏறிக் குயிலாப்பாளையம் போனாள். அங்கே வெள்ளைக்காரர்கள் வந்துபோகும் இன்டர்நெட் கடை ஒன்று இருந்தது. கடைக்குள்ளேயே எஸ்டிடி பூத்தும் உண்டு. கோரல் பே ஓட்டலின் வாடகையைத் தேதி தேதியாகத் தட்டிப் பார்த்தாள். நவம்பரில் ஒரு விலை. டிசம்பர் முதல் வாரத்தில் கொஞ்சம் கூட. டிசம்பர் முப்பத்தொன்றைத் தட்டியதும் திரையில் வந்த தொகையைப் பார்த்து, ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டதோ என்று நினைத்தாள். புத்தாண்டு இரவு! சென்னைப் பணக்காரர்கள் மொத்தப் பேரும் கடற்கரைக்கு வரும் இரவு. ஆனால் பாயிண்ட் கணக்கு மட்டும் எல்லாத் தேதிக்கும் ஒன்றுதான். மழைக்கால செவ்வாய்க்கிழமைக்கு எவ்வளவோ, அதேதான் புத்தாண்டுக்கும்.

அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பூத்துக்குள் ஓடிப்போய் அட்டையின் பின்னால் இருந்த எண்ணைச் சுழற்றினாள்.

"சாரி மேடம்," என்றாள் மறுமுனையில் கீதாஞ்சலி என்ற பெண். "நியூ இயருக்குப் பாயிண்ட்ல ரூம் இல்லீங்க."

"காசு குடுத்தா இருக்குதா?"

"ஒரு நிமிஷம் மேடம்... காசுக்கு இருக்கு."

"சாதா ரூம் ஒண்ணு காசுக்கு இருந்தாலும் பாயிண்ட்டுக்கும் குடுக்கணும்னு உங்க விதியில போட்டிருக்குதே. ஒன்பதாவது பக்கம். எடுத்துப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்."

பூத் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வரிசையில் நின்ற வெள்ளைக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். சந்தியா திரும்பி நின்றுகொண்டாள். ரொம்ப நேரம் கழித்து கீதாஞ்சலி மறுபடி லைனுக்கு வந்தாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"புக் பண்ணிட்டேன் மேடம். ஹேப்பி நியூ இயர், அட்வான்ஸா."

சந்தியா பூத் கதவைத் திறந்து, காத்திருந்த வெள்ளைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த வருஷம் மழை பிய்த்து எடுத்தது. உப்பளங்கள் எது பாத்தி எது வரப்பு என்று தெரியாமல் ஒரே ஏரியாகக் கிடந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையே உடைந்துவிடுமோ என்று சந்தியா பயந்தாள். சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு பக்கம் உடைந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் குஜராத்தின் காந்திதாமிலிருந்து அருள்மொழி போன் செய்தான்.

"பெரிய கியர்பாக்ஸ் போயிடுச்சு சந்தியா. இத்தாலிக்காரன் லீவுல போயிட்டான். நான் வர முடியாது. ரூம கேன்சல் பண்ணிடு."

"பண்ணா பாயிண்ட் திரும்ப வரும். நாளைக்கே காலாவதி ஆயிடும்!"

"அப்ப நீ போ. உன் பேர்லயும் அட்டை இருக்குதே."

"தனியாவா?"

"பொன்னிய கூட்டிட்டுப் போயேன்."

பொன்னி அவன் தங்கை. எதிர் வீடு. உப்பளத்தில் வேலை, மழை மாதங்களில் வேலை கிடையாது, வீட்டில்தான் இருப்பாள். சந்தியாவும் அவளும் பேசி நான்கு மாதம் இருக்கும். கேட்காமல் எடுத்துக் கட்டிப்போன சந்தியாவின் பட்டுப் புடவையில் பொன்னி சாம்பார் கொட்டிக்கொண்டு வந்தாள். உனக்கெல்லாம் பட்டு ஒரு கேடா என்று சந்தியா சொன்னாள். அது அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

சந்தியா தெருவைக் கடந்து போய் நின்றபோது பொன்னி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சந்தியா ஓட்டல், பாயிண்ட், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றாள் பொன்னி முறத்தைப் பார்த்தே. இரண்டு தரம் புடைத்தாள். "படத்துல காட்டுவாங்களே, படுத்துக்கினே குளிக்கிற தொட்டி. அது இருக்குமா?"

"இருக்கும்."

"வெந்நீ வருமா?"

"எவ்ளோ வேணும்னாலும் வரும்."

பொன்னி முறத்தைக் கீழே வைத்தாள்.

மறுநாள் மதியத்துக்கு முன்பே இருவரும் கோரல் பே வாசலில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். பொன்னி நேராக கேட்டைப் பார்த்து நடந்தாள். சந்தியா அவள் கையைப் பிடித்து எதிரிலிருந்த டீக்கடைக்கு இழுத்துப் போனாள்.

"இன்னா அண்ணி, இவ்ளோ தூரம் வந்து டீக்கடையா?"

"இப்பப் போனா சாதா ரூம்தான் குடுப்பாங்க. சாதா ரூம் எல்லாம் தீரட்டும். தங்க அட்டைக்காரங்களுக்கு சாதா ரூம் இல்லன்னா அதவிடப் பெரிய ரூம் குடுக்கணும்னு விதி."

"பெரிய ரூமும் தீந்துட்டா?"

சந்தியா அதை யோசிக்கவே இல்லை. டீயை ஊதினாள்.

கேட்டுக்குள் கார்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு கார் போகும்போதும் பொன்னி "ஒரு ரூம் போச்சு" என்றாள். சந்தியா ஒவ்வொரு தடவையும் கேட்டை எட்டிப் பார்த்தாள். இரண்டாவது டீ வந்தபோது, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு பொன்னி," என்றாள் திடீரென்று. "புடவைதானே. அதுக்குப் போய் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நானும் கேட்டு எடுத்திருக்கணும்," என்றாள் பொன்னி. பிறகு, "இன்னொரு ரூம் போச்சு அண்ணி. எழுந்திரு, போலாம்!"

பொன்னி அண்ணியை ஒருமையில் அழைத்ததை இருவருமே கவனிக்கவில்லை.

பளிங்குத் தரையும் பூக்கூடைகளுமாக இருந்தது வரவேற்புக் கூடம். அங்கே இருந்த பெண் கணினியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். முகம் மாறியது.

"மேடம், சாரி... ரூம் எல்லாமே ஃபுல். உங்க ரூமையும் வேற கெஸ்டுக்குக் குடுத்துட்டாங்க போல இருக்கு."

அதிபுத்திசாலித்தனம் பண்ணி எல்லாவற்றையும் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தாள் சந்தியா. மேனேஜர் வந்தார். தட்சணாமூர்த்தி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. பதறாத ஆள்.

"மன்னிக்கணும் மேடம். சென்னையில எங்க இன்னொரு ஓட்டல்ல ரூம் போடறேன். காரும் அனுப்பறேன்."

"அங்க கடல் இருக்குதா?" என்றாள் சந்தியா. குரல் நடுங்கியது.

"இல்லீங்க. ஆனா..."

"அப்ப வேணாம். நான் ரூம் புக் பண்ணது இங்க. இன்னைக்குத் தேதிக்கு. சாதா ரூம் இல்லன்னா அடுத்த பெரிய ரூம் குடுக்கணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

"பெரிய ரூமும் இல்லையே மேடம்."

"அதுக்கும் பெரிசு?"

தட்சணாமூர்த்தியின் கண் ஒரு கணம் சாவிப் பலகைப் பக்கம் போய் வந்ததை பொன்னி பார்த்துவிட்டாள். உடனே கூடத்தின் நடுவில் போட்டிருந்த வெள்ளை சோபாவில் போய் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, நீயும் வந்து குந்து. அவங்க மெதுவா யோசிச்சு சொல்லட்டும். ஐயா, நாங்க சத்தம் போட மாட்டோம். ஒரு ராத்திரிதானே, இங்கயே குந்திக்கிறோம்."

பூச்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. குழந்தை ஒன்று பொன்னியைப் பார்த்துக் கை ஆட்டியது. பொன்னியும் ஆட்டினாள். சந்தியா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பயத்தில் பையை இறுகப் பிடித்திருந்தாள். ஆனால் உள்ளே ஏதோ சிரிப்பும் பொங்கிக்கொண்டு வந்தது.

தட்சணாமூர்த்தி உள்ளே போனார். யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்தபோது கையில் சாவி இருந்தது.

"கடல் பாத்த வில்லா ஒண்ணு இருக்கு. வர வேண்டியவங்களோட ஃப்ளைட் கேன்சல் ஆயிடுச்சு, இப்பதான் தகவல் வந்துச்சு. தப்பு எங்க பேர்லதான் மேடம். வேற ஏதாவது வேணுமா?"

சந்தியா எழுந்தாள். இப்போது குரல் நடுங்கவில்லை.

"ராத்திரி விருந்துக்குத் தனியா காசுன்னு வாசல்ல போர்டு பாத்தேன்."

அவர் சிரித்தே விட்டார். "அதுவும் எங்களோடது."

வில்லா என்பது அறை இல்லை. அது ஒரு வீடு. கதவைத் திறந்ததும் கூடம், கூடத்துக்கு அப்பால் படுக்கையறை, அதற்கும் அப்பால் கண்ணாடிக் கதவு, கதவுக்கு வெளியே அவர்களுக்கு மட்டுமேயான ஒரு நீச்சல் குளம், குளத்தைத் தாண்டி மணல், கடல். பெட்டியைக் கொண்டுவந்தவர் போகும்வரை இருவரும் பெரிய மனுஷிகளைப் போல அசையாமல் நின்றார்கள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் சந்தியா "ஓ..." என்று கூவிக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். பொன்னி ஒவ்வொரு விளக்காகப் போட்டு அணைத்துப் பார்த்தாள்.

பிறகு குளியலறைத் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். தொட்டி நிறைந்ததும் விளிம்பில் உட்கார்ந்து புடவையைத் தூக்கிக் கால்களை மட்டும் முதலில் இறக்கினாள். உப்புப் பாத்தித் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்ற கால்கள். குதிகாலில் வெடிப்புகள் ஆழமாக ஓடின. கண்ணை மூடிக்கொண்டாள்.

"எரியுதா?" என்றாள் வாசலில் நின்ற சந்தியா.

"எரியல. இன்னா சொல்றதுன்னே தெரியல அண்ணி. கதவ சாத்திட்டுப் போ. நான் முழுசா எறங்கப் போறேன்."

அவள் வெளியே வருவதற்குள் சந்தியா கண்ணாடி ஜாடியிலிருந்த முந்திரியைத் தின்றே தீர்த்திருந்தாள். ராத்திரி விருந்தில் பொன்னி இறால் மட்டும் மூன்று முறை வாங்கினாள். சமையல்காரரைக் கூப்பிட்டு உப்பு சரியாக இருப்பதாகச் சொன்னாள். எங்க ஊரு உப்பாத்தான் இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வருஷத்தின் முதல் காலையில் சந்தியாவை எழுப்பியது தண்ணீர் தெறிக்கும் சத்தம். வெளியே போய்ப் பார்த்தால் பொன்னி நைட்டியோடு குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி! கடல் அதோ அங்கதான் இருக்குது. இதுல துளி உப்பு இல்ல!"

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. உனக்கு?"

"தெரியாது."

"அப்ப வா!"

சந்தியா அப்படியே குதித்தாள். மூக்கில் தண்ணீர் ஏறி இருமினாள். பொன்னி அவளைப் பிடித்து நிறுத்த, இருவருமாக வழுக்கி விழுந்தார்கள். சிரிப்பு நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. தங்க அட்டைக்காரர்கள் சாயங்காலம் வரை இருக்கலாம் என்று சந்தியா விதியைச் சொன்னாள். பொன்னி மறுபடி வெந்நீரைத் திறக்கப் போனாள்.

நடுவில் அருள்மொழி போன் செய்தான். கையெல்லாம் கிரீஸ், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்றான். சந்தியா வில்லாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். குளம் வரைக்கும் வந்தபோது அவன், "போதும், நிறுத்து. எனக்கு அழுகையா வருது," என்றான். "பொன்னி எப்படி இருக்கா?"

"மூணாவது தடவையா குளிக்கறா."

மரக்காணம் போகும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பெருமுக்கல் மலைக் கோயிலுக்கு வேண்டுதலுக்குப் போகிற கூட்டம் பாதி, புத்தாண்டுக்குச் சென்னை போய்விட்டுத் திரும்புகிற கூட்டம் பாதி. இருவர் தலைமுடியும் இன்னும் ஈரம். கண்டக்டர் சீட்டு கிழித்துக்கொண்டே, "இன்னாம்மா, கடல்ல வுழுந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"கடலா?" என்றாள் பொன்னி. கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள். "கேளுங்க சொல்றேன். நேத்து மத்தியானம் நாங்க ரெண்டு பேரும் ஒரு டீக்கடையில குந்திக்கினு இருந்தோம்..."

முன்சீட்டு அம்மாக்கள் திரும்பினார்கள். கண்டக்டர் பையை ஒதுக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். சந்தியா வெட்கத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பொன்னி மேனேஜர் முகம் போன போக்கைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை விட்டுவிட்டாள்.

"விருந்த வுட்டுட்டியே," என்று திரும்பினாள் சந்தியா. "இரு, அத நான் சொல்றேன்."