முறைக்கிற மிட்டாய்

முதலாளியை நினைத்தாலே மைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே? பெற்றவள் ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்த அன்று, "அரை நாள் லீவு குடுங்க முதலாளி" என்று கெஞ்சியவளை ஏற இறங்க முறைத்துவிட்டு, அவள் இருக்கையைக் கை காட்டினான் பாவி. ஆண்டுக் கடைசி விடுமுறைக்கான ஆர்டர் குவிந்திருந்த நேரம். வேலை முடிந்து அவள் ஓடுவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அந்த மிட்டாய் கம்பெனியில் ஒரு முகத்தை மூன்று பெண்கள் வரைவார்கள். குச்சியில் செருகிய வட்டச் சர்க்கரை வில்லைக்கு ஒருத்தி கன்னத்தில் சிவப்பு வைப்பாள், ஒருத்தி கண் வைப்பாள். கடைசியில் கறுப்புச் சாயத்தால் புருவமும் வாயும் இழுப்பவள் இவள். மைக்காரி என்று பேர் வந்தது அதனால்தான். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்து உட்கார்ந்தவளுக்குச் சிரித்த வாய் வரையக் கை வரவில்லை. முதலாளியின் கம்பளிப்பூச்சிப் புருவத்தையும், ஒரு பக்கமாகக் கோணி இறங்கிய உதட்டையும் அப்படியே இழுத்தாள். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் செய்தாள். பெட்டியில் அடைப்பவர்கள் எடையைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை.

மிட்டாய் கடைக்குப் போனது. "ஐயோ, எங்க மேனேஜர் மாதிரியே இருக்கான்டி!" என்று எவளோ ஒருத்தி அதை நறுக்கென்று கடித்து வீடியோ போட, பிடித்துக்கொண்டது பைத்தியம். முறைப்பான் என்று பேர் வைத்தார்கள். பனியனில் முறைப்பான், செல்போன் உறையில் முறைப்பான். யார் மேல் ஆத்திரமோ அவர் பேரைச் சொல்லி முதல் கடி புருவத்தில்தான் கடிக்க வேண்டுமாம்!

கூத்து என்னவென்றால், முதலாளிக்கு மட்டும் அடையாளம் தெரியவில்லை. "யாரும்மா இந்தச் சிடுமூஞ்சி? நிறைய வரை" என்று முறைத்தபடியே பாராட்டினான். மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மைக்காரிக்கு வயிறு எரிந்தது. அவனுக்கு உறைக்காவிட்டால் இது என்ன பழி?

உறைக்க வைத்தது டிவி. முதலாளியைப் பேட்டி எடுக்க வந்த பெண் மிட்டாயைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்ல, கேமராக்காரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். வீட்டில் அதைப் பார்த்த அவன் பேத்தி, "தாத்தாதான் முறைப்பான்!" என்று குதித்தாளாம். மறுநாள் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவனைப் பார்த்துப் புருவத்தை நெரித்துக் காட்டின.

நேரே மைக்காரியிடம் வந்தான். "நான் உனக்கு என்னம்மா பண்ணேன்?"

"எங்கம்மா போன அன்னைக்கு லீவு கேட்டேன். அப்ப நீங்க காட்டின மூஞ்சி இது."

சுற்றிலும் எல்லோர் கையும் நின்றுவிட்டது. மிட்டாயை நிறுத்தலாமென்றால் ஊரே அதைத்தான் கேட்கிறது. முதலாளிக்குக் கண் கலங்கிற்று.

"தப்புதாம்மா. எம் பேத்தி பாக்குறா. கொஞ்சம் சிரிச்ச மாதிரியாவது வரைஞ்சு குடேன்."

அழட்டும், நன்றாக அழட்டும் என்றிருந்தது அவளுக்கு. தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள்.

"நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்லையே முதலாளி. பாக்காததை எப்படி வரையறது?"