இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. வெயில் படாத பக்கமாக நகர்ந்துகொள்ளுங்கள். ஒரு காரைப் பாகம் பிரித்த கதை சொல்லப்போகிறேன். கோபம் கொதிக்கிற கதைதான். உங்களைச் சுடாமல் ஊதி ஊதித் தருகிறேன்.

பரளச்சியில் இருளப்பசாமி இறந்தபிறகு அவர் மகன்கள் இருவரும் எல்லாவற்றையும் பிரித்தார்கள். மூத்தவன் மாரிக்கண்ணன், இளையவன் அய்யப்பன். புஞ்சைக் காட்டுக்கு நடுவில் வரப்புப் போட்டார்கள், கிணற்றுக்கு முறை வைத்தார்கள், வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். அதில் வார்த்தை தடித்து ஒருவரோடொருவர் பேச்சும் நின்றுபோனது. மிஞ்சியது அப்பா ஓட்டிய வெள்ளைக் கார். விற்கவும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. தண்ணீர் முறைபோல அதற்கும் ஒரு வாரம் இவன், ஒரு வாரம் அவன். ரிப்பேர் வந்தால் இடப்பக்கம் அண்ணனுக்கு, வலப்பக்கம் தம்பிக்கு. சிரிக்காதீர்கள், ஊர்ப் பெரியவர்களை வைத்துத்தான் முடித்தார்கள்.

முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்த, பக்கத்துக்கு ஒரு இரும்புக் கை உண்டு. லோயர் ஆர்ம் என்பார்கள். இரண்டிலும் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் புஷ் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டொக்கு டொக்கென்று இடித்தது. இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னார் அருப்புக்கோட்டை மெக்கானிக். மாரிக்கண்ணன் இடப்பக்கத்துக்கு மட்டும் வாங்கிவந்து, வீட்டு வாசலில் ஜாக்கி போட்டுத் தானே மாட்டினான். தன் பக்கம் சத்தமே இல்லை என்று சாதித்து அய்யப்பன் சும்மா இருந்துவிட்டான்.

இவர்கள் தங்கை ஜெகதீஸ்வரி மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்திருந்தாள். தாயும் இல்லாத வீடு. காலைச் சோறு அண்ணன் பக்கம், ராச்சோறு தம்பி பக்கம். அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஒருநாள் அவளை அருப்புக்கோட்டையில் டாக்டரிடம் காட்டிவிட்டு அய்யப்பன் ஓட்டி வந்தான். ஆடுகள் குறுக்கே வர, பிரேக்கை மிதித்தான். புதுக் கை போட்ட பக்கம் கெட்டியாக நின்றது. வலப்பக்கச் சக்கரம் ஆடிப்போய் வண்டியை நடுரோட்டுக்கு இழுத்தது. எதிரே பஸ். பஸ்காரர் மண்ணில் இறக்கி ஒதுங்கியதால் பிழைத்தார்கள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் மாரிக்கண்ணனிடம் நடந்ததைச் சொன்னாள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இப்படித்தான் இழுக்குமென்று அவுககிட்ட சொல் என்றான் அய்யப்பன். அவன் பங்கை அவன் பார்க்காததற்கு நான் என்ன செய்ய, அவனிடம் சொல் என்றான் மாரிக்கண்ணன். இருவரும் அவள் முகத்தைப் பார்த்தே பேசினார்கள்.

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "எந்த அண்ணன் பங்குல சாகணும்னு சொல்லிருங்க. நானும் எம்புள்ளையும் அந்தப் பக்கமா உக்காந்துக்கிடுறோம்."

பையை எடுத்தாள். மல்லாங்கிணற்றிலேயே பெற்றுக்கொள்கிறேன், கேட்பவர்களுக்குப் பதிலும் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். தலைப்பிள்ளைக்குப் பிறந்த வீடு பார்க்கவில்லையென்றால் அண்ணன்மார் எந்த விசேஷ வீட்டிலும் தலைகாட்ட முடியாது. பின்னாலேயே ஓடினார்கள். அதிலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன்.

"ரெண்டு பேரும் சேந்து, ரெண்டு பக்கமும், இன்னைக்கே, என் கண்ணு முன்னால," என்றாள். "இனி இவன்ட்ட சொல்லு அவன்ட்ட சொல்லுன்னு எவனாவது வாயத் தொறந்தா அடுத்த பஸ்ஸுல ஏறிருவேன்."

திரும்பி வந்து பையோடு வாசல் திண்ணையில் உட்கார்ந்தாள். அய்யப்பன் பைக்கில் போய் வலப்பக்கக் கையை வாங்கி வந்தான். பழையதன் போல்ட் துருவேறி அசையவில்லை. அண்ணன்மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் ஸ்பேனரில் காட்டினான், கழன்றது. புதியதை மாட்டியாயிற்று. ஆனால் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது வண்டியை இறக்கி, சக்கரத்தில் பாரம் உட்கார்ந்த பிறகுதான். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இறக்கித்தரத் தம்பியைக் கூப்பிட மனமில்லாமல் மாரிக்கண்ணன் அன்று அந்தரத்திலேயே முறுக்கியிருந்தான். அதனால் இடப்பக்கத்தையும் தளர்த்தினார்கள். இறக்கிய பிறகும் அடியில் கை நுழைய இடம் வேண்டுமென்று சக்கரங்களுக்கு அடியில் பனங்கட்டை வைத்தார்கள்.

மாரிக்கண்ணன் தரையில் படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டிருந்தான். அய்யப்பன் கையில் ஜாக்கிக் கம்பி. அண்ணன் கை எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. தங்கையைப் பார்த்தான். அவள் பொரிகடலையை மென்றுகொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்தாள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, கைய எடுத்துட்டியா?"

வண்டிக்குக் கீழே மாரிக்கண்ணன் கையை இழுத்துக்கொண்டான்.

"எடுத்துட்டேன். எறக்குலே."

வண்டி இறங்கியது. அண்ணன் வாய் திறந்துகொண்டது. என் முறையில் நீ மோட்டார் போட்டாயா இல்லையா என்று முறுக்கிக்கொண்டே கேட்டான். நீ வரப்பைத் தள்ளிப் போட்டதைச் சொல் என்று மறுபக்கமிருந்து தம்பி கத்தினான். சுவர்ப் பேச்சை எடுத்தார்கள், மாட்டை இழுத்தார்கள், பொண்டாட்டிகளையும் விடவில்லை. ஊரே வேடிக்கை பார்த்தது. ஜெகதீஸ்வரி தடுக்கவே இல்லை. போல்ட் எல்லாம் முறுக்கினார்களா என்று மட்டும் குனிந்து பார்த்தாள். பிறகு பின்சீட்டில் ஏறினாள். சக்கரத்தை நேராக்க அருப்புக்கோட்டை போகும் வழியெல்லாம் முன்சீட்டில் இருவரும் தொண்டை வற்றத் திட்டிக்கொண்டே போனார்கள். மாரிக்கண்ணன் கோபத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தான். வண்டி நேராக நின்றது.

"இன்னொருக்க மிதி," என்றாள் அவள்.

என் தங்கங்களா, உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பட்டும். தொட்டிலும் பானையும் வெறுமையாகாமல், வீடு நிறைந்த சத்தத்தோடு நீங்கள் நெடுங்காலம் வாழவேண்டும்.