மஞ்சள் மரத்துப் பூ

எனக்கு முன்கோபம் என்று ஊரில் சொல்வார்கள். பின்கோபமும் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. பதினாலு வருஷம் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன்.

அப்பா விட்டுப்போனது ஒரு பிளம்ஸ் தோட்டம். மேற்கே எண்பது சிவப்புப் பழ மரங்கள், கிழக்கு ஓரமாக ஒரு வரிசை மஞ்சள் பழ மரங்கள். சிவப்புப் பழம் தேனாக இனிக்கும். மஞ்சளைக் கடித்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். பாகம் பிரித்த அன்று அண்ணன் சொன்னார், "சிவப்புல பாதி எடுத்துக்க, மஞ்சள்லயும் பாதி எடுத்துக்க. உனக்குத்தான் நல்லது." புளிப்பு மரத்தை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசினேன். சிவப்பு முழுக்க எனக்கு, இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம் என்று நின்றேன். அண்ணன் மஞ்சள் வரிசையையும் அதை ஒட்டிய வெற்று நிலத்தையும் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்.

அப்புறம் வருஷா வருஷம் கிளை ஒடியக் காய்த்தது. எல்லாம் என் கைராசி என்று சந்தையில் பீற்றிக்கொள்வேன். வீட்டில் சொல்ல ஆளில்லை, நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு முட்டி வலி வந்து நிலத்தை விற்றார். வாங்கியவர் மஞ்சள் மரங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிடங்கு கட்டினார். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அதற்கு அடுத்த இரண்டு வருஷமும் பூ மட்டும்தான். தோட்டம் வெள்ளை வெளேரென்று பூக்கும், பத்தே நாளில் உதிர்ந்து காம்பு மட்டும் நிற்கும். உரத்தைத் திட்டினேன், பனியைத் திட்டினேன், தேனீப் பெட்டி வாடகைக்குக் கொடுத்தவனைத் திட்டினேன். மூன்றாவது வருஷமும் காய்க்காவிட்டால் எண்பதையும் சாய்த்துவிடலாம் என்று மரம் வெட்டுகிறவரிடம் சொல்லி வைத்தேன்.

மொட்டு வெடிக்கிற சமயத்தில் தோட்டக்கலை அதிகாரி வந்தார். சின்னப் பெண். ஒரு கிளையை வளைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இந்த ரகம் தன்னோட மகரந்தத்துலயே காய் பிடிக்காதுங்க. பக்கத்துல வேற ரகம் பூக்கணும். முன்னாடி ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றேன். கண் கிழக்கே கிடங்குப் பக்கம் போனது.

"புதுசா நட்டா பூக்க நாலு வருஷம் ஆகும். இப்போதைக்கு அந்த ரகத்துப் பூக்கிளையை வெட்டி, பக்கெட் தண்ணியில வெச்சு மரங்களுக்கு நடுவுல தொங்க விடுங்க. மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கும். ஆனா ஒரு வாரம்தான் டைம்."

ஊரில் மஞ்சள் மரம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அண்ணன் வீட்டுக் கொல்லையில்.

மூன்று நாள் நான் போகவில்லை. என் சமையலறையில் இருப்பது ஒரே தட்டு, ஒரே டம்ளர். அந்த மூன்று நாளும் அவற்றைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நாலாம் நாள் காலையில் தோட்டத்தில் பாதிப் பூ விரிந்துவிட்டது. அரிவாளை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்தேன். எதிரே வந்தவர் பயந்து ஒதுங்கினார். அண்ணனை வெட்டத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

கதவைத் திறந்த அண்ணி அரிவாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொல்லைக்கு வாங்க தம்பி," என்று முன்னால் நடந்தார்.

பின்னாலேயே போனேன். கொல்லையில் ஆறு பக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர், தண்ணீரில் கொத்துக்கொத்தாக மஞ்சள் மரத்தின் பூக்கிளைகள். மரம் பாதி மொட்டையாக நின்றது.

"யாருக்கு அண்ணி இதெல்லாம்?"

"வேற யாருக்கு? நிலத்தை வித்ததுல இருந்து பூக்கிற வாரம் வந்தா ஸ்டூல் போட்டு ஏறிடறார், அந்த முட்டியோட. வெட்டி வெச்சுட்டு நீங்க வருவீங்கன்னு பார்க்கிறது. வாடினப்புறம் நான்தான் கொட்டுவேன். நீங்களே கொண்டுபோய்க் குடுங்களேன்னா, 'நான் போனா மறுபடியும் தலையில கட்ட வந்துட்டான்னு சொல்லுவான்'ங்கிறார்."

எனக்கு அழுகை முட்டியது. நிமிர்ந்தால் ஜன்னலுக்குள் கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"தண்ணியைத் தினமும் மாத்து," என்றார்.

"சரி," என்றேன்.

நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி என்று சொன்னால் போதும். நான் குனிந்து இரண்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டேன்.

ஆறு பக்கெட்டுக்கு மூன்று நடை. இரண்டாம் நடையிலும் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு எடுத்து வந்தேன். மூன்றாம் நடைக்குப் போனபோது ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

பக்கெட் தொங்கிய இடங்களைச் சுற்றி நன்றாகவே காய் பிடித்திருக்கிறது. இப்போது பட்டாணி அளவு. மரம் வெட்டுகிறவரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நேற்று மரங்களுக்கு நடுவில் நின்று, "அண்ணா, நீ சொன்னதுதான் சரி," என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தடுமாறாமல்தான் வந்தது. அவர் வீட்டுப் பக்கம்தான் இன்னும் கால் போகவில்லை.