மாப்பிள்ளையை இறக்கிய கணக்கு

இறங்க முடிந்த இடத்திலிருந்தெல்லாம் ஏற முடியாது என்று பயிற்சிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. தெல்கெர்மா முதல் முறை படித்தபோதே அதற்கு அடிக்கோடு போட்டிருந்தாள். புத்தகம் விமானங்களைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் போட்டாள்.

இப்போது அந்த வரி சொன்ன மாதிரியான இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பழைய அரசாங்கம் இருந்த காலத்தில் தபால் விமானம் வந்துபோன புல்தரை அது. ஒரு முனையில் கிணறு, மறுமுனையில் பள்ளம், நடுவே ஆட்டுப் புழுக்கை. காலையில் குளிர் இருந்தபோது இறங்கினார்கள். பாதித் தரை கூடத் தேவைப்படவில்லை. "ஒரு டீ குடிச்சிட்டுக் கிளம்பிடலாம் அக்கா" என்றான் துல்கா. அவளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் அவன். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். டீ குடிக்க வந்த வீடு அவனுடைய மாமனார் வீடு. மருமகன் வானத்திலிருந்து இறங்கி வந்தால் மாமனார் டீயோடு விடுவாரா? ஆடு வெட்டினார்.

மதியம் திரும்பிவிட்டது. வெயில் ஏறினால் காற்று மெலியும். மெலிந்த காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், இயந்திரத்துக்கு மூச்சு வாங்கும். மேட்டு நிலம் என்றால் கேட்கவே வேண்டாம், அங்கே காற்று பிறவியிலேயே மெலிந்தது. அதே விமானம், அதே தரை. ஆனால் காலையில் இருந்த விமானமும் இல்லை, தரையும் இல்லை. இந்தப் பாடத்தில் அவளுக்குப் பிடித்ததே அதுதான். மற்ற எல்லாரும் எதுவும் மாறவில்லை என்று சொல்லும்போது இது மட்டும் மாறிவிட்டது என்று சொன்னது.

இறக்கையின் நிழலில் உட்கார்ந்து, விமானம் எழும்ப எவ்வளவு தரை வேண்டும் என்று அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். பின்னிருக்கையில் ஏற்கெனவே ஒரு முழு ஆடு, அவர்கள் தின்றது போக, துணியில் சுற்றி ஏறியிருந்தது. பக்கத்தில் காய்ந்த தயிர்க்கட்டி ஒரு மூட்டை. இன்னும் ஐராக், அதாவது புளித்த குதிரைப்பால், ஒரு கேன் வர வேண்டும்.

"எண்ணூத்தி முப்பது மீட்டர் வருது, வாத்தியாரே."

"தரை எவ்வளவு இருக்கு?"

"எழுநூத்தம்பது."

துல்கா பல் குத்திக்கொண்டிருந்தான். "புத்தகக்காரன் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவான் அக்கா. பயந்தாங்கொள்ளிப் பசங்க."

"அவங்க புது விமானத்துக்குப் போட்டது. நம்மளுது என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னது."

"சரி, சாயங்காலம் வெயில் தாழட்டும்."

அவள் மேற்கே கையைக் காட்டினாள். மேகம் காலிஃப்ளவர் மாதிரி கட்டிக்கொண்டிருந்தது; சாயங்காலத்துக்குள் இடிமழையோடு வந்துவிடும். அவர்கள் போக வேண்டியது கிழக்கே. போவதானால் இப்போதே போக வேண்டும்.

"அப்ப சாமானை இறக்கணும்னு சொல்றீங்க." துல்கா குரலைத் தாழ்த்தினான். "மாமா குடுத்ததை இறக்கி வைக்கிறதா? அதுக்கு நான் விவாகரத்து வாங்கிட்டுப் போயிடலாம். எம்பது மீட்டர்தானே அக்கா. பார்க்கலாம்."

பார்க்கலாம். அவன் இதைக் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஊர்விட்டு ஊர் தனியாக ஓட்டிப் போவதற்கு அவன் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் உரிமம் இல்லை. மாதக் கடைசியில் குளிர் இறங்கிவிடும், பயிற்சியை மூடிவிடுவார்கள். கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் அக்கா, இன்னும் கொஞ்சம் தைரியம் வரட்டும் அக்கா.

தைரியம் என்ற சொல்தான் அவளை இப்போது குடைந்தது. பத்தொன்பது வருடம் விமான நிலையத்தில் பெட்டி எடை போடும் மேசையில் இருந்தவள் அவள். கூடுதல் எடையோடு வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. யாராவது முகத்தைச் சுருக்கினால் போதும், முள்ளைப் பார்க்காமலே சீட்டைக் கட்டிவிடுவாள். நல்லவள் என்றார்கள். அது நல்லதனம் இல்லை, முடியாது என்று சொல்ல வாய் வராத நோய் என்று அவளுக்குத் தெரியும். இன்று வாய் வருகிறது. ஆனால் வந்தது கணக்கா, பயமா? பயம் எண்ணைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறதா? மறுபடி முதலிலிருந்து போட்டாள். எண்ணூற்று முப்பதுதான் வந்தது. எண்ணுக்கு அவளைத் தெரியாது. அது ஒரு ஆறுதலாக இருந்தது.

லுவ்சன் கேனைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். துல்காவின் மாமனார். எழுபதைத் தொட்ட மனிதர். கேனை இறக்கி வைத்ததும் உள்ளே புளித்த குதிரைப்பால் சீறியது.

"என்ன ரகசியம் பேசுறீங்க?"

"ஐயா, தரை பத்தாது போலிருக்கு. இவ்வளவு பாரத்தோட போனா அந்தப் பள்ளத்துல..."

"த்தூ! த்தூ!" லுவ்சன் இரண்டு பக்கமும் துப்பினார். "கிளம்புற நேரத்துல என்ன பேச்சு தங்கச்சி இது? நல்ல வார்த்தையா ஒண்ணும் கிடைக்கலையா?"

துல்கா வானத்தைப் பார்த்தான். தப்பு அவளுடையதுதான். கெட்டதை வாயால் சொன்னால் கெட்டது தன் பெயரைக் கேட்டு எழுந்து வரும். அவள் அம்மா பனியில் சறுக்கி விழுந்தபோது கூட 'உட்கார்ந்துவிட்டேன்' என்றுதான் சொன்னாள். ஆனால் இந்தப் பாடம் முழுக்கவே கெட்ட வார்த்தைதான். இயந்திரம் நின்றால், மரம் குறுக்கே வந்தால், ஏறாவிட்டால். இதை நல்ல வார்த்தையில் சொல்ல எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவள் லுவ்சன் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இந்த விமானத்துக்கு உங்க ஊரு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீங்க குடுத்ததையெல்லாம் ஏத்திக்கிட்டதும் பிரிஞ்சு போக மனசு வரமாட்டேங்குது."

லுவ்சன் விமானத்தைப் பார்த்தார். மூக்கைத் தடவிக் கொடுத்தார்.

"எவ்வளவு பிரியம்?"

"எம்பது மீட்டர் பிரியம்."

"அடேயப்பா." அவர் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப எதையாவது விட்டுட்டுப் போனாத்தான் மனசு ஆறும்."

"ஆமா."

"நான் குடுத்தது எதுவும் இறங்காது."

"அது தெரியும் ஐயா."

துல்கா சட்டென்று உற்சாகமானான். "அப்ப அக்கா இங்க இருக்கட்டும் மாமா. நான் சாமானோட போய்ட்டு நாளைக்கு வண்டி அனுப்புறேன்."

தெல்கெர்மா பென்சிலை எடுத்தாள். "நான் அம்பத்தெட்டு கிலோ. என்னை இறக்கினா எழுநூத்தி முப்பத்தெட்டு வருது. பன்னெண்டு மீட்டர்தான் மிச்சம். வாத்தியார் எத்தனை கிலோ?"

"எம்பது." இரண்டு வருடமாக எல்லாத் தாளிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்து வந்தான்; அவளும் அதையே கணக்கில் சேர்த்திருந்தாள்.

"கம்பளி நிறுக்குற தராசு இருக்கு" என்றார் லுவ்சன். "வாங்க மாப்ளை."

தொண்ணூற்று நான்கு.

"மதியம் சாப்பிட்டது மாமா."

"மூணு தட்டு தின்னீங்க. மூணு தட்டு பதினாலு கிலோவா? என் ஆடே அவ்வளவு தேறலையே."

அவள் கணக்கை முடித்தாள். "இந்த எடைக்கு என்னை இறக்கினாலும் எழுநூத்தி அறுபது, பத்தாது. வாத்தியார் இறங்கினா எழுநூத்தி மூணு. நாப்பத்தேழு மீட்டர் மிச்சம்."

கேன் மட்டும் சீறியது.

"மாப்ளைக்கும் இந்த ஊரு பிடிச்சுப்போச்சு" என்றார் லுவ்சன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "ரெண்டு வருஷமா சொல்றார், அடுத்த தடவை தங்குறேன் மாமா, புல்லு வெட்ட வர்றேன் மாமான்னு. வானம் காது குடுத்துக் கேட்டிருச்சு. அரிவாள் தீட்டி வச்சிருக்கேன்."

அவர் ஆட்டுக்கறியைக் கயிறு போட்டுக் கட்டப் போனார். துல்கா அவளுடைய தாளை வாங்கி உட்கார்ந்தான். தப்பு தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சூடு, உயரம், புல், காற்று, எடை, ஒவ்வொன்றாக விரலை வைத்துப் போனான். விரல் எங்கும் நிற்கவில்லை.

"அக்கா, நீங்க திரும்பும்போது மூக்கைத் தொங்க விடுறீங்க."

"இங்கேருந்து நேராத்தான் போகணும்."

"பாதித் தரையில வேகம் வரலைன்னா?"

"நிறுத்திடுவேன்."

"நிறுத்திட்டா ஆட்டை இறக்கணும். மாமா இதே இடத்துல நின்னு பார்த்துக்கிட்டிருப்பார்."

"பார்க்கட்டும். இறக்குவேன்."

துல்கா அவளை நிமிர்ந்து பார்த்தான். வேறு ஏதோ கேட்க நினைத்தவன் மாதிரி இருந்தான். பிறகு அவளுடைய பறப்புப் புத்தகத்தை முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். தேதி போடும்போது, "கறியில விலாப்பக்கம் என் பொண்டாட்டிக்கு. குடுத்துடுங்க" என்றான்.

பாதித் தரை எது என்று தெரிய வேண்டும். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். பெரிதாகத் தெரிகிற பொருள் அங்கே வேறு இல்லாததால் துல்காவே போய் நின்றான். தெல்கெர்மா ஐராக் கேனைப் பக்கத்து இருக்கையில் வைத்து வார் போட்டு இறுக்கினாள். பயணம் நல்லபடி அமைய லுவ்சன் கரண்டியால் பாலை அள்ளி வானத்தை நோக்கித் தெளித்தார். கொஞ்சம் கண்ணாடியில் விழுந்தது.

கிணற்றோரம் பிரேக்கை மிதித்துக்கொண்டு இயந்திரத்தை முழுதும் முடுக்கினாள். விட்டாள். முதலில் எதுவும் நடக்காதது போலிருந்தது. எருமையைத் தள்ளுவது போல விமானம் யோசித்து யோசித்து நகர்ந்தது. வேகம் காட்டும் முள் மெதுவாக ஏறியது. அவளுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி போ என்றாள், ஒருத்தி நில் என்றாள். வழக்கமாக அவர்கள் இரண்டு பேரும் பேசி முடிப்பதற்குள் காரியம் கடந்து போயிருக்கும். இப்போது அவர்களைக் கேட்க வேண்டியதில்லை. துல்காவைத் தாண்டும்போது முள் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி.

துல்கா பெரிதாகிக்கொண்டே வந்தான். வாயைத் திறந்து என்னவோ கத்தினான். முள் வேண்டிய வேகத்தின் கோட்டைத் தொட்டது, தாண்டியது.

அவள் நிறுத்தவில்லை.

புல் உரசும் சத்தம் ஒரு கணத்தில் அறுந்தது. மூக்கைத் தூக்கவில்லை, வேகம் சேரட்டும் என்று தாழவே பிடித்திருந்தாள். பள்ளம் கீழே போனது. தரையிலிருந்து தெரியாத ஓர் ஓடை அதனடியில் இருந்தது. இரண்டு குதிரைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தலை தூக்கிப் பார்க்கவில்லை.

விமானம் ஏறுவதற்கு அவசரமே படவில்லை. பதினைந்து நிமிடம் கழித்துக் கிழக்கு மேட்டுக்கு மேல் வந்தபோது பயிற்சித் திடலுக்கு வானொலியில் பேசினாள்.

"எத்தனை பேர்?" என்றது மறுமுனை.

"ஒருத்தர்."

"துல்கா எங்க?"

"புல்லு வெட்டுறார்."

இரைச்சலுக்கு நடுவே அங்கே யாரோ யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

"அப்ப யாரு ஓட்டுறது?"

"நான்தான்" என்றாள் தெல்கெர்மா. அவர்கள் கேட்காமலே உயரத்தையும் திசையையும் சொன்னாள்.