சுவரில் சாயாத எடை

“அப்பாவை இன்னொரு தடவை எடை போடுங்கண்ணா. இந்தத் தடவை ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கச் சொல்லிட்டுப் போடுங்க.”

இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். டயாலிசிஸ் கூடத்தில் மின்விசிறி சுற்றவில்லை என்று சண்டை போடு, போர்வை நாறுகிறது என்று கத்து, எடைப் பேச்சை மட்டும் எடுக்காதே. எடையை எழுதுகிறவர் டெக்னீஷியன். அப்பாவின் கையில் ரீஃபில் தடிமனுக்கு இரண்டு ஊசி குத்துகிறவரும் அவரேதான். எழுதினது தப்பு என்று சொல்லிவிட்டு அதே ஆளிடம் கையை நீட்ட முடியுமா என்பது அம்மாவின் வாதம். நியாயமான வாதம்தான். அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அப்பாவின் கால் சீக்கிரம் தலையணை ஆகிவிடும்.

டெக்னீஷியன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

“நான் எழுதினது தப்புன்னு சொல்றீங்களா?”

“நீங்க எழுதினது சரிண்ணா. அவர் நின்னதுதான் தப்பு.”

அந்தக் கூடத்தில் எடைதான் எல்லாம். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்குக் குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. உடம்பிலேயே தங்கும். தண்ணீர் தங்காதபோது இருக்க வேண்டிய எடை என்று மருத்துவர் குறித்ததற்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் தங்கிய தண்ணீர். இயந்திரத்திடம் அதைச் சொன்னால் அந்த அளவுக்கு உறிஞ்சி எடுக்கும். குறைத்துச் சொன்னால் குறைத்துத்தான் எடுக்கும். மீதி காலில் இறங்கும், முகத்தில் ஏறும், நெஞ்சுக்குள் போய் உட்காரும்.

இதற்கு நடுவில் ஒரு ரிமோட். கூடத்தில் ஒரே ஒரு டிவி. முன்பெல்லாம் அதற்கு அடிதடி. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். அவர்தான் சட்டம் போட்டாராம்: அன்றைக்கு யார் குறைவாகத் தண்ணீர் சுமந்துகொண்டு வருகிறாரோ அவர் கையில் ரிமோட். டெக்னீஷியனுக்கும் இதில் சந்தோஷம். மருத்துவர் தொண்டை வற்றச் சொல்லியும் குறையாத தண்ணீர் ரிமோட்டுக்காகக் குறைந்தது. கண்டக்டர் ஜெயித்தால் மல்யுத்தம். எதிர்க்கட்டில் கணக்கு டீச்சர் ஜெயித்தால் சமையல் நிகழ்ச்சி. உப்பைக் கண்ணால் பார்ப்பதற்கே தடை என்கிற மாதிரி வாழும் கூட்டம், எவனோ ஒருவன் கைநிறைய உப்பை அள்ளிப் போடுவதை எச்சில் விழுங்கிக்கொண்டு பார்க்கும்.

அப்பா ஜெயித்ததே கிடையாது. செருப்புக்கடையில் விற்பனையாளர் அவர். டயாலிசிஸ் இல்லாத நாளில் இன்னும் வேலைக்குப் போகிறார். போனால் டீக்கு மேல் டீ. அப்படிப்பட்டவர் சமீபத்தில் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்து மார்தட்டினார். அவர் முகம் பூரித்துவிட்டது, கன்னத்தில் சதை வைத்துவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. இப்பதான் மனுஷன் மாதிரி இருக்கார் என்று போனில் ஊரையே கூப்பிட்டுச் சொன்னாள்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்தேன். அப்பாவின் அளவு எட்டு. கடையிலிருந்து ஒருநாள் ஒன்பது வந்தது. பிறகு பட்டை வைத்து இழுத்து ஒட்டுகிற மாதிரி ஒரு பத்து வந்தது. தள்ளுபடியில் கிடைத்தது என்றார். முப்பது வருடம் ஊர்க் காலையெல்லாம் அளந்தவர் தன் காலுக்கு மட்டும் தள்ளுபடி விலையில் அளவெடுக்கிறாராம். ராத்திரி மூன்று தலையணையை அடுக்கி ஏறக்குறைய உட்கார்ந்தே தூங்கினார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. ஒரு பட்டாணியை வைத்தால் உருளாமல் நிற்கும். கூசுது விடும்மா என்று காலை இழுத்துக்கொண்டார்.

எனக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் மாத்திரை அட்டையைப் படிப்பது முதல் மருத்துவரிடம் வாயாடுவது வரை என் தலையில்தான். இவள் போய்விட்டால் அண்ணனை யார் பார்ப்பது என்று அத்தை தினமும் வந்து மூக்கைச் சிந்தினாள். அம்மா எந்தப் பக்கமும் பேசாமல் பாத்திரத்தை மட்டும் சத்தமாக வைத்தாள். அப்பா மட்டும், எனக்கு என்ன குறைச்சல், என் எடையைப் பாருங்கள் என்றார். யாருக்கும் மறுபேச்சு வரவில்லை. அத்தைக்கே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று அவருக்குப் பின்னாலேயே நின்றேன். எடை மேடை சுவரை ஒட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் ஜன்னல் திட்டு. மேடையில் ஏறிய அப்பா டெக்னீஷியனிடம் அவருடைய பிள்ளையின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டே, வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே சிரிப்போடு, முழங்கையைத் திட்டில் ஊன்றினார். எண் சரசரவென்று இறங்கியது. அதை டெக்னீஷியன் எழுதும்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“பட்டதாரி, ரிமோட் போச்சேன்னு நாங்களே கேஸ் போடல. உங்களுக்கு என்ன வந்துச்சு?” என்றார் கண்டக்டர், குழாயோடு படுத்தபடி.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “கையைத் தூக்குங்க சார். என் கிளாஸ்ல வீட்டுப்பாடம் எழுதாதவன் நிப்பான் பாருங்க, அப்படி.”

வேறு வழியில்லாமல் அப்பா ஏறினார். போலீஸ் சோதனை போடுகிற ஆள் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். எண் ஏறியது, கொஞ்சம் யோசித்தது, இன்னும் ஏறியது. நின்றபோது முன்பு எழுதியதைவிட மூன்று கிலோவுக்கு மேல் கூடுதல்.

“மூணு கிலோ டிக்கெட் எடுக்காம ஏறியிருக்கு” என்றார் கண்டக்டர்.

கூடம் சிரித்தது. கையை இறக்க மறந்து அப்பாவும் சிரித்தார். டெக்னீஷியன் சிரிக்கவில்லை. குனிந்து அப்பாவின் காலை அமுக்கினார், குழியைப் பார்த்தார், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். அப்பா இல்லை என்று வாயெடுப்பதற்குள் மூன்று தலையணைக் கதையை நான் சொல்லிவிட்டேன். மருத்துவருக்குப் போன் போனது. மொத்தத்தையும் ஒரே நாளில் உறிஞ்சினால் ரத்த அழுத்தம் படுத்துவிடும், இன்றைக்குப் பாதி, நாளைக்கும் வந்து படுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஊசியை டெக்னீஷியன் பதமாகவே குத்தினார். குத்திக்கொண்டே, “சுவத்துல சாஞ்சா தண்ணி சுவத்துக்குள்ளயா சார் போகும்?” என்று கேட்டார். பிறகு போய் எடை மேடையைத் தரதரவென்று இழுத்துக் கூடத்தின் நட்டநடுவில் போட்டார். இனிமேல் யார் ஏறினாலும் கை மேலே இருக்கிறதா என்று தானே பார்ப்பதாக டீச்சர் அறிவித்தார். அன்றைய ரிமோட்டும் அவருக்கே போயிற்று. கண்டக்டர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு ரிமோட்டுக்காகவா இதெல்லாம் என்று கேட்டேன்.

“ரிமோட் எவனுக்கு வேணும்? ஒரு நல்ல படம் போடறானா அதுல?” அப்பா குரலைத் தாழ்த்தினார். “எடை ஏறினா நீ போக மாட்டே. உங்க அத்தை விட மாட்டா. குறைஞ்சா நீ நிம்மதியா கிளம்பிடுவேன்னு பாத்தேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இயந்திரம் இன்னும் வேகமாக ஓடியிருக்க வேண்டும்.

“என்னை வழியனுப்ப நீங்க மூச்சை அடக்கிட்டு உக்காரணுமாப்பா? நான் போறதும் வர்றதும் உங்க செருப்பு சைஸைப் பொறுத்ததா?”

அவர் குழாயில் ஓடும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடிவந்தாள். முதலில் ஊசி போட்ட இடத்தைப் பார்த்தாள். வலித்ததா என்று அப்பாவிடம் கேட்டாள். இல்லை என்றதும் என் பக்கம் திரும்பினாள். கேட்டே விட்டாயா என்றாள். பிறகு அவளே சமாதானமாகி, என் தோளில் கை வைத்தாள்.

“சரி விடு. வேலை எங்க ஓடிடப் போகுது. இன்னொண்ணு கிடைக்காமலா போயிடும்?”

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டும் கதை அத்தை பக்கம் சாய்ந்துவிட்டதே என்கிற தொங்கல்.

“வேலையில சேர வர்றேன்னு இன்னிக்குக் காலையிலயே பதில் அனுப்பிட்டேன்மா.”

“அப்ப இந்தக் கூத்தை எதுக்குடி பண்ணின?”

“போறதாலதான் பண்ணினேன். நான் இங்கயே கிடந்தா தினமும் நானே அமுக்கிப் பாத்துக்குவேனே. உன் கட்டைவிரலைக் குடு.”

அவளுடைய விரலைப் பிடித்து அப்பாவின் காலில் வைத்து அமுக்கினேன். எடுத்தேன். அம்மா அந்தக் குழியையே பார்த்தாள். இன்னொரு இடத்தில் தானாகவே அமுக்கினாள். அங்கேயும் ஒரு குழி. முகம் பூரித்த கதையை யார் யாரிடம் சொன்னோம் என்று அவள் மனசுக்குள் ஓடியிருக்க வேண்டும். காது வரை சிவந்தாள்.

“இதுக்குத்தான் அந்தப் பத்தாம் நம்பர் செருப்பா?” என்று ஆரம்பித்தாள். அதற்கப்புறம் நிறுத்தவில்லை. கடை டீயில் தொடங்கி, கல்யாணமான புதிதில் அவர் சொன்ன பொய் வரைக்கும் போனாள். அப்பா ஓட முடியாது. இரண்டு குழாய் கட்டிப் போட்டிருக்கிறது. டீச்சர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். போர்வைக்குள்ளிருந்து கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

நான் எழுந்து என் பையைத் தோளில் மாட்டினேன். எங்கே போகிறாய் என்று அம்மா நடுவில் கேட்டாள். பஸ்ஸுக்கு முன்பதிவு செய்ய என்றேன். சரி, ஜன்னல் சீட்டாகக் கேள் என்று சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கோபம் இன்னும் தீரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.