வயலினக்காவின் துடைப்பம்

திருச்சபையின் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய தீர்மானம் ஒன்றை ஆலயக் கமிட்டி எழுந்து நின்று, கைதட்டி, ஒருமனதாக நிறைவேற்றியது: வயலினக்காவுக்குப் புதுத் துடைப்பம் வாங்கித் தருவது. ஆராதனையின் கடைசிப் பாட்டை அவள் வாசிக்கும்போது கேட்க ஆள் இருப்பதில்லை. ஆசீர்வாதம் வாங்கிய கையோடு சபை முழுக்க வண்டி எடுக்க ஓடிவிடும். யாரும் கேட்காத சுரம் எங்கே போகும், தரையில்தான் விழும். மேல்ஸ்தாயி பென்சில் சீவல் மாதிரி, கீழ்ஸ்தாயி ஈயக் குண்டு மாதிரி. அப்படி ஒரு குண்டில் கால் வைத்துத்தான் செயலாளரின் மனைவி வழுக்கி விழுந்தார். அப்போது இனிய நாதம் ஒன்று எழுந்ததாகவும், அது தம் மனைவியிடமிருந்து வரவில்லை என்றும் செயலாளர் அறிக்கையில் குறிப்பிட்டார்.

"குப்பை போடாம வாசிக்க முடியாதாம்மா?" என்று அவளிடமே கேட்டார்.

"யாராவது உட்கார்ந்து கேட்டா விழாது சார்."

"எல்லாருக்கும் வீட்டுல வேலை இருக்குல்ல?"

அவளுக்கு வீட்டில் வேலை இல்லை, ஆளும் இல்லை. ஆகவே நாற்காலி அடுக்குவது, பூ மாற்றுவது, பெருக்குவது எல்லாம் அவள் தலையில். கமிட்டி இதற்குத் தன்னார்வ ஊழியம் என்று பெயர் வைத்திருந்தது. சம்பளம் இல்லாத வேலைக்குத்தான் எப்போதும் அழகான பெயர் அமைகிறது. வாரிய சுரங்களைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். கட்டிலடி நிறைந்தது, சமையலறை நிறைந்தது, அவளுக்குத் தலை நரைத்தது. மழைக்காலத்தில் மூட்டைகள் ஈரம் வாங்கி முனகும். "சும்மா இருங்க" என்பாள். பல நாள்களில் அவள் பேசிய மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு கழிப்பறைக் குழாய் ஒழுகியது. வரவழைக்கப்பட்ட பிளம்பர் பைப்பை ஒட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்து அவள் குனிந்து பார்த்தால், தரையில் ஒரு துணுக்குகூட இல்லை.

"கேட்டீங்களா?" என்றாள்.

"பசை காயணும்ல, அதான் உட்கார்ந்தேன். நல்லா இருந்துச்சுக்கா. இன்னொண்ணு வாசிங்க, இன்னும் காயல."

அன்று காலிச் சாக்கோடு வீட்டுக்கு நடந்தாள். பிளம்பர் சபைக்காரர் அல்ல, வேலை இருந்தால்தான் வருவார். அடுத்த சனிக்கிழமை பூ மாற்ற வந்தவள், ஒரு ஸ்பேனரும் வாங்கி வந்து அதே குழாயைத் தளர்த்திவிட்டுப் போனாள்.

அந்த வருடம் முழுக்க ஆலயத்தில் ஏதாவது ஒன்று ஒழுகிக்கொண்டே இருந்தது. "யாரோ வேணும்னே கழட்டுறாங்கக்கா" என்பார் பிளம்பர். "சரியா கழட்டவும் தெரியல, பாவம்." சொல்லிவிட்டுத் தன் பெஞ்சில் போய் உட்காருவார்.

கமிட்டி அவசரமாகக் கூடி, ஆயுளுக்கும் பழுதாகாத எஃகுக் குழாய்களைப் போட்டது. அதில் அவள் ஸ்பேனர் வழுக்கியது. செயலாளர் ரிப்பன் வெட்டி, குழாயைத் திறந்து, ஜீவத்தண்ணீரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். சபை அசையாமல் கேட்டது. பிறகு அக்கா வயலினையும் வில்லையும் எடுத்தாள். எல்லோரும் வண்டி எடுக்கப் போனார்கள். கணுக்கால்வரை சுரம் விழுந்தது. கடைசி பெஞ்சை ஒரு தரம் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

புதுக் குழாய் இன்றுவரை ஒழுகவில்லை.