ஓரத் துண்டு

பேக்கரியில் கேக் வெட்டுவது அவள் வேலை. பெரிய தட்டில் வெந்து வரும் கேக்கின் நாலு பக்கமும் முதலில் ஓரத்தைச் சீவித் தள்ள வேண்டும். அப்போதுதான் மற்றது சதுரம் சதுரமாக வரும். சீவிய ஓரம் விற்பனைக்குப் போகாது. வேலை செய்கிறவர்கள் காகிதத்தில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

ஆனால் பாப்பாவுக்கு அவள் ஒரு நாளும் ஓரம் கொடுத்ததில்லை. பாப்பா கணவரின் மூத்த தாரத்து மகள். தாய் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கென்று கண்ணாடி அலமாரியிலிருந்து லட்சணமான துண்டாகப் பார்த்து வாங்கி வருவாள். தட்டில் வைத்து, பக்கத்தில் ஸ்பூன் வைத்து, மேஜைமேல் வைப்பாள்.

“பசிக்கல சித்தி” என்று பாப்பா எழுந்து போய்விடும்.

கல்யாணமாகி எட்டு மாதம். எட்டு மாதமும் இதே பாட்டுத்தான்.

பிறகு அவளும் கணவரும் அடுக்களையில் நின்றபடியே ஓரங்களை டீயில் தோய்த்துத் தின்பார்கள். கருகின மூலை யாருக்கு என்று இருவருக்கும் அடிதடியே நடக்கும். வாசலில் காலடி கேட்டால் போதும், பொட்டலம் முந்தானைக்குள் போய்விடும். சித்திக்காரி பிள்ளைக்குக் கழிவைப் போடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! ஊர் வாய்க்கு அப்படிப் பயந்தவள், அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜோடிக் கண்ணை மறந்துபோனாள்.

லீவு விட்டதும் பாப்பாவின் பெரியம்மா, தாயின் அக்கா, போனில் கூப்பிட்டாள். “புள்ளைக்கு அங்க ஒட்டலைன்னா இங்கயே இருந்து படிக்கட்டும்.”

“அவளே முடிவு பண்ணட்டும்” என்றார் கணவர். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கொண்டுபோய் விடும் பொறுப்பு இவள் தலையில் விழுந்தது. புறப்படும்போது பார்த்தாள்: பாப்பா பள்ளிக்கூடப் பையையும் எடுத்து வைத்திருந்தது. பெற்றால்தான் பிள்ளையா? அந்தப் பை திரும்பி வராவிட்டால் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரயிலில் எதிரும் புதிருமாக ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். பாப்பாவின் மடியில், க்ரீம் பூ வைத்த கேக் அட்டைப்பெட்டியில் அப்படியே இருந்தது. பத்து மணிக்கெல்லாம் இவளுக்குப் பசி காதை அடைத்தது. பாப்பா வெளியே பார்க்கிற நேரமாகப் பார்த்து, தன் கைப்பைக்குள்ளேயே ஓரப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டாள். கருகின ஓரமாயிற்றே, மொறுக்கென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்தது.

“என்ன திங்கிறீங்க?”

“ஒண்ணுமில்லடா கண்ணு. சும்மா, கழிச்சுப் போட்டது.”

“அப்பாகூட நின்னு திம்பீங்களே, அதா?”

இவளுக்கு விக்கிக்கொண்டது. “அது கருகினது பாப்பா. உனக்குத்தான் நல்லது வாங்கியிருக்கேனே.”

“எனக்கு மட்டும் ஏன் எப்பவும் தட்டுல வச்சுத் தர்றீங்க?” பாப்பாவின் உதடு கோணியது. “வீட்டுக்கு வர்றவங்களுக்குத்தானே அப்படி வைப்பாங்க? நீங்களும் அப்பாவும் உள்ள சிரிச்சுக்கிட்டே திங்கிறீங்க. நான் வந்தா மறைச்சுடுறீங்க.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் பிள்ளையை விருந்தாளியாக்கி வாசலிலேயே உட்கார வைத்திருக்கிறது! தன் புத்தியைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்து பாப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பொட்டலத்தை இருவர் மடிக்கும் நடுவில் விரித்து வைத்தாள்.

பாப்பா ஒரு துண்டைக் கடித்தது. மென்றது. கண் விரிந்தது.

“இவ்ளோ நல்லா இருக்கு! இதையா இத்தனை நாளா ஒளிச்சு வச்சீங்க?”

“தப்புத்தான்டா” என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. க்ரீம் கேக்கை எதிர் சீட்டுப் பெரியவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

ஸ்டேஷனில் பெரியம்மா காத்திருந்தாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையை வாங்கக் கை நீட்டினாள். பாப்பா அதைக் கழற்றிச் சித்தியிடம் நீட்டியது.

“இதை வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. லீவு முடிஞ்சு என்னைக் கூட்டிட்டுப் போக நீங்கதான் வரணும், என்ன?”